இடைவெளி பொறுக்காத டீச்சர்

டீச்சர் வீட்டு முன்னறையில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கும். அவருடைய தம்பியின் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் எடுத்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் உறவுக்காரர்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். இரண்டாவது வரிசையில், இடமிருந்து ஐந்தாவதாக, ஒருவர் கையில் கிளாரினெட்டுடன் திகைத்துப்போய் நிற்பார். அவர் யாருக்கும் உறவில்லை, பேண்டு வாசிக்க வந்தவர். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில், வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுப்போயிருந்ததை டீச்சர் பார்த்துவிட்டார். கைக்கு அகப்பட்டவரை இழுத்து அங்கே நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் அந்த ஆள் யார் என்று கேட்பார்கள். டீச்சர் சிரிக்காமல் பதில் சொல்வார்.

"அவரு இல்லன்னா அங்கன ஓட்டையால்லா இருக்கும்."

டீச்சருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊர் முழுக்க டீச்சர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து இளையரசனேந்தல் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய ஊர் அது. பன்னிரண்டு வருஷம் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். தம்பி மனைவி இரண்டாவது பிரசவத்தில் இறந்தபின் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பார்த்தபோது அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியானவர். கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும்.

அவருக்கு எதுவும் காலியாக இருக்கக் கூடாது. சர்ச்சில் எல்லோரும் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார்கள், முன் இரண்டு பெஞ்சும் சும்மா கிடக்கும். முதல் பாட்டு முடியுமுன் டீச்சர் எழுந்து பின்னால் போவார். தாமதமாக வந்து தூண் மறைவில் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தவர்கள் இரண்டாம் பாட்டின்போது போதகருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். போதகரே ஒரு முறை அவரிடம், "டீச்சர், எனக்கு நேரா மட்டும் இருமுதவங்களா பாத்து உக்கார வைக்கீய" என்று குறைப்பட்டுக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் யாராவது வந்து உட்காரும்வரை அவருக்கு நிலைகொள்ளாது. எனக்கு மாற்றல் வந்தபின் மூன்று இன்லண்டு கடிதம் எழுதினார். எழுதவேண்டிய பக்கங்கள் தீர்ந்ததும் ஓரங்களில் எழுதுவார். அதுவும் தீர்ந்தால் ஒட்டுகிற மடிப்பில் எழுதுவார். கடிதத்தைக் கிழிக்காமல் பிரிப்பதற்கு எனக்கு ஒரு பிளேடும் பத்து நிமிஷமும் ஆகும்.

எழுபதுகளின் பிற்பாதியில் நான் சங்கரன்கோவிலில் விதை அலுவலகத்தில் வயல் பார்க்கும் உதவியாளராக இருந்தேன். விசைத்தறிக் கூடத்துக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஒட்டுக் கம்பு விதை எடுப்பதற்காக ஊருக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தரும்படி மேலிடம் கேட்டது. அந்த ஊரில் ஒப்புக்கொண்டவர் டீச்சரின் தம்பி ஒருவர்தான். கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் அந்த ஒரு ஏக்கருக்கே விட வேண்டும், அந்தப் பட்டத்தில் வேறு எதுவும் வைக்க முடியாது என்று தெரிந்தே ஒப்புக்கொண்டார்.

வேலை இதுதான். நான்கு வரிசை பெண் கம்பு, இரண்டு வரிசை ஆண் கம்பு, மறுபடியும் நான்கு, இரண்டு என்று வயல் முழுக்க நட வேண்டும். பெண் கம்பின் பூவில் தூள் இருக்காது. பக்கத்து வரிசை ஆண் கம்பின் தூள் காற்றில் வந்து அதன்மேல் விழ வேண்டும். அப்படிப் பிடித்த மணிதான் ஒட்டு விதை. அதை விதைத்தால் கம்பு ஆள் உயரத்துக்கு, ஒன்றுபோல் வளரும். அறுப்பின்போது ஆண் வரிசைகளை முதலில் அறுத்து வயலைவிட்டே அப்புறப்படுத்திவிட வேண்டும். பெண் வரிசை மணி மட்டும் மூட்டைக்குப் போகும். வயலில் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த மூட்டையில் அலுவலகத்தின் நீல அட்டை கட்டப்படும். அட்டை இல்லாவிட்டால் அது வெறும் தின்கிற கம்பு.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. அடுத்த தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று தம்பியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"என்னவே, கம்புக்குக் கல்யாணம் முடிக்கீராமே. பத்திரிக்கை அடிச்சாச்சா?"

தம்பி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போய்விட்டார். அவர் எப்போதுமே அதிகம் பேசமாட்டார். ஆனால் அன்று என்னிடம், இது மட்டும் தேறிவிட்டால் அடுத்த பட்டத்தில் இன்னும் நாலு பேர் வருவார்கள், தேறாவிட்டால் இந்த ஊரில் யாரும் உங்கள் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்றார். தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

நாற்று நட்டுப் பத்து நாள் கழித்து முதல் பார்வைக்குப் போனேன். அப்படி ஒரு வயலை நான் பார்த்ததில்லை. எங்கள் கணக்கில் நூறு நாற்று நட்டால் பத்துக்குமேல் பட்டுப்போகும். இங்கே பெண் வரிசைகளில் ஒரு கை அகலம்கூட இடைவெளி இல்லை. ஆண் வரிசைகளின் தலைமாட்டில் சுண்ணாம்பு தடவிய குச்சிகள் ஒழுங்காக நின்றன. அன்றைய டைரியில் "பயிர் எண்ணிக்கை மிக நன்று. இடைவெளி இல்லை" என்று எழுதி, இரண்டாவது வாக்கியத்துக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். எப்படி இல்லாமல் போனது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீச்சர் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த கவலை பூப்பது பற்றி. ஆணும் பெண்ணும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும். ஆண் பிந்துகிற ரகம் என்பதால் அதற்கு ஒரு வாரம் முந்தியே நாற்றுப் பாவியிருந்தோம். இருந்தும் அந்த வருஷம் அது சோம்பிப்போய் நின்றது. பெண் வரிசைகளில் அங்கங்கே கதிர் தலை நீட்டிவிட்டது. ஆண் வரிசைக்கு மட்டும் யூரியா கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். பெண் வரிசையில் முந்தி வந்த கதிர்களைக் கிள்ளிவிடச் சொன்னேன், அடியிலிருந்து கிளைக்கும் அடுத்த தூரில் வருகிற கதிர் சில நாள் பிந்தி ஆணுடன் சேர்ந்துகொள்ளும். வந்த கதிரைக் கிள்ளுவதற்குத் தம்பி தயங்கினார். டீச்சருக்கு உடனே பிடிபட்டது.

"முந்திக்கிட்டவள கொஞ்சம் இருத்தி வைக்கணும், பிந்துனவனுக்கு ஊட்டி விடணும். மூணாங்கிளாசுல இத்தன வருசம் நான் வேற என்ன செஞ்சேன்?"

அவர்தான் முதல் கதிரைக் கிள்ளினார்.

ஒரு வாரம் கழித்து ஆண் வரிசையும் கதிர்விடத் தொடங்கியது. தம்பியையும் ஆட்களையும் வரப்பில் வைத்து, அறுப்பைப் பற்றி முதல்முறையாக விளக்கமாகச் சொன்னேன். ஆண் கம்பின் மணி ஒன்றுகூடப் பெண் கம்பின் மணியோடு சேரக் கூடாது, சேர்ந்தால் அந்த மூட்டை ஒட்டு விதையே இல்லை என்றேன். டீச்சர் சற்றுத் தள்ளி, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார். அன்று அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது காப்பி தரவும் மறந்துவிட்டார்.

மறுநாள் காலை பத்தே காலுக்கு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். தனியாக வந்திருந்தார். என் மேஜைக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அவர் உட்காரவில்லை.

"சார், பெண் வரிசையில நிக்கிதது எல்லாம் பெண் இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். நட்ட நான்காம் நாள் தம்பி ராயகிரியில் உடம்பு முடியாமல் கிடந்த பெரியப்பாவைப் பார்க்கப் போய் மூன்று நாள் அங்கேயே தங்கிவிட்டார். வயலில் அங்கங்கே நாற்று பட்டுப்போயிருந்தது. மிச்சமிருந்த பெண் நாற்றை வைத்து நிரப்பியும் இடம் மிஞ்சியது. ஆண் நாற்றோ பாத்தியில் மிச்சம் கிடந்தது.

"காயப்போட மனசு வரல. அங்கன ஓட்ட ஓட்டயா கெடந்துச்சு. மூணு நாளும் சாயங்காலம் பானையில தண்ணி கொண்டுபோயி நான்தான் வச்சேன். தம்பிக்குத் தெரியாது. வந்து பாத்துட்டு, எல்லாம் பிழைச்சிட்டுன்னு சந்தோசப்பட்டான். நானும் சொல்லல."

எத்தனை என்று கேட்டேன். நிறைய என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"நான் இப்ப வந்து சொல்லலன்னா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் வைத்தது பிந்துகிற ரகம், அதையும் நாள் கழித்து வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு நாளில் நான் கடைசியாக வயல் பார்த்துவிடுவேன், அதற்குப் பிறகுதான் இவை பூத்திருக்கும். அறுப்பில் மணியோடு மணியாகப் போயிருக்கும்.

"தெரிந்திருக்காது" என்றேன்.

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"விதைக்கிறவருக்குத் தெரியும். ஆண் கம்பின் மணி அவர் வயலில் குட்டை குட்டையாக முளைத்து நிற்கும்."

டீச்சர் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இங்கன ஓட்டைய அடைக்கப்போயி, யாரோ ஒருத்தன் வயலுல ஓட்டையப் போட்டிருப்பேன்" என்றார்.

வழி ஒன்றுதான் இருந்தது. ஆண் கம்பு அத்தனையையும் பெண் வரிசைகளிலிருந்து பிடுங்க வேண்டும். ஆனால் கதிர் பூக்காதவரை பார்வைக்கு இரண்டையும் பிரித்தறிவது எனக்கே கடினம். ஒரு ஏக்கரில் எதை என்று பிடுங்குவது? நான் இதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அது எனக்குத் தெரியும் சார். எந்த எடம் காலியா கெடந்துச்சுன்னு எனக்கு மறக்காது."

முடித்த பிறகு தம்பியிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், அதுவரை நான் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

ஐந்தாவது நாள் விடிகாலை ஐந்தேகால் பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் நட்டவை பூக்கத் தொடங்கியிருந்தன. காற்று எழுவதற்கு முன் பார்த்தாக வேண்டும், எழுந்துவிட்டால் வயல் முழுக்கத் தூள் பறக்கும், எது எதனுடையது என்று சொல்ல முடியாது. டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றார். முதல் வரிசையில் இறங்கிப் பதினான்கு எட்டு நடந்து ஒரு செடியைத் தொட்டார். நான் என் கறுப்புக் குடையை விரித்துக் கதிருக்குக் கீழே பிடித்து, தண்டை ஒரு தட்டுத் தட்டினேன். குடைத் துணியில் மஞ்சள் மாவுபோல் தூள் விழுந்தது. டீச்சர் செடியின் அடியைப் பிடித்தார். சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு வேரோடு இழுத்து வரப்பில் போட்டார். அந்த இடத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு காலை இப்படி நடந்தது. அவர் தொடுவார், நான் தட்டுவேன், தூள் விழும். சில செடிகளில் தூள் விழவில்லை. சந்தேகம் இருந்தால் அதையும் பிடுங்கிவிடலாம், ஒரு செடி போனால் நஷ்டமில்லை என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

"குத்தம் செய்யாதத எதுக்குப் பிடுங்கணும்? நாளைக்கு மறுபடி தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தேன். அப்படி விட்டதில் சில மறுநாள் தூள் உதிர்த்தன. சில உதிர்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஆறே காலுக்குத் தம்பி வந்துவிட்டார். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லாமல் வயல் பக்கம் வராதிருந்தவர், அன்று மோட்டார் போட வந்தார். வரப்பில் வாடிக் கிடந்த செடிக் குவியலைப் பார்த்தார். வரிசைகளில் பல் விழுந்ததுபோல் தெரிந்த இடங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குடையை மடக்கினேன். டீச்சர் வரிசைக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அழவில்லை. வகுப்பில் வருகைப் பட்டியல் வாசிப்பதுபோல் சொன்னார்.

தம்பி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம்தான் முதலில் பேசினார்.

"நெறைஞ்சு கெடக்குன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேன் சார்."

பிறகு அக்காவைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ. பிள்ளையளுக்குப் பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு. மிச்சத்த நான் பிடுங்குதேன்" என்றார்.

"எது எதுன்னு ஒனக்குத் தெரியாது."

தம்பி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார்.

"அப்ப நீ காட்டு. ஒனக்குத்தான் பிடுங்க கை வரமாட்டேங்குதே. நான் பிடுங்குதேன்."

அன்றும் மறுநாளும் டீச்சர் தொட்டார், நான் தட்டினேன், தம்பி பிடுங்கினார். பிள்ளைகள் இரண்டும் தாங்களே சோறு போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதாகப் பிறகு சொன்னார்கள். டீச்சர் காட்டிய இடங்கள் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்றில் தூள் விழுந்தது. ஐந்து செடிகள் கடைசிவரை ஒன்றும் காட்டவில்லை. அந்த ஐந்தையும் அவர் தொட விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

என் மேலதிகாரி வந்து பார்த்தார். அதற்கு முந்திய வாரமே நடந்ததை எழுதி அவர் மேஜையில் வைத்திருந்தேன். இருந்தாலும் வரப்பில் நின்று, ஏன் இத்தனை இடைவெளி என்று நேரில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். "பட்டுப்போன எடத்துல ஆண் நாத்த மாத்தி வச்சிட்டோம் சார். நாங்களே பிடுங்கிட்டோம்" என்றார். டீச்சர் அப்போது மாமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். "வச்சிட்டோம்" என்ற சொல் அவர் காதில் விழுந்திருக்கும். அதிகாரி எட்டு இடங்களில் கதிர் கதிராகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆண் வரிசைகள் அறுத்து வெளியேறிய பின், பெண் வரிசை மணி காய்ந்து மூட்டையானது. நீல அட்டை கட்டினோம்.

டீச்சருக்கு மட்டும் அட்டையில் நம்பிக்கை வரவில்லை. அந்த விதை எங்கே போயிருக்கிறது என்று இரண்டு முறை ஆளனுப்பிக் கேட்டார். மழை விழுந்து பயிர் தலையெடுத்ததும், தானே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். இளையரசனேந்தலுக்கு அப்பால் மானாவாரிக் கரிசலில் அதை விதைத்திருந்த ஒருவரைத் தெரியும். ஒரு சனிக்கிழமை நானும் அவரும் பஸ்ஸில் போனோம்.

வயல்காரர் அறுபது வயதுக்காரர். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பைத் தான் பெற்ற பிள்ளைபோலக் காட்டினார். ஆள் உயரம், ஒரே மட்டம், மேலே சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாயாது நிற்கும். எங்களை யார் என்று அவர் சரியாகக் கேட்கவும் இல்லை, விதை ஆபீஸ் ஆட்கள் என்றதே அவருக்குப் போதுமாக இருந்தது. டீச்சர் பேச்சில் கலந்துகொள்ளாமல் வரிசைக்குள் இறங்கிவிட்டார். முதல் கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார், அடுத்த வரிசையில் திரும்பி வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, வயலின் நடுவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

ஒரே ஒரு செடி. பக்கத்துச் செடிகளின் இடுப்பளவுதான் இருந்தது. தண்டு மெலிந்து ஒரு பக்கம் சாய்ந்து, விரல் நீளத்துக்கு ஒரு கதிர் விட்டிருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நாங்கள் விட்டுவைத்த ஐந்தில் ஒன்று பிற்பாடு பூத்து, அதன் மணி ஒன்று மூட்டையில் கலந்து இங்கே முளைத்திருக்கிறது. டீச்சர் குனிந்து அதன் அடியைப் பிடித்திருந்தார்.

"இது என்னோடது" என்றார். பின்னாலேயே வந்துவிட்ட வயல்காரரிடம், "பிடுங்கிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எதுக்கும்மா? கதிர் விட்டிருக்குல்லா. அதுவும் கம்புதான, நிக்கட்டும். குருவிக்கு ஆச்சு."

சொல்லிவிட்டு அவர் எங்களுக்கு இளநீர் வாங்கிவர ஆளனுப்பப் போய்விட்டார். டீச்சர் கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், ஒங்க சட்டத்துல இதுக்கு எடம் உண்டா?"

அந்த வயலில் எத்தனை ஆயிரம் செடி என்று மனதில் பெருக்கிப் பார்த்தேன். கலப்பு இவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் விடும் அளவுக்கு ஒன்று என்பது வெகு உள்ளே.

"உண்டு டீச்சர்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். சாய்ந்திருந்த தண்டை நிமிர்த்தி, இரண்டு கையாலும் சுற்றியிருந்த கரிசல் மண்ணை இழுத்து அதன் அடியில் அணைத்துவிட்டு எழுந்தார்.